தானாக ஓடும் கேற்: திருகோணமலை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் மின்னிணைப்பு வேலை செய்து வருகிறேன். நகரும் கேற்றுக்கு மோட்டர் பூட்டும் வேலையும் சில ஆண்டுகளாக அதனுடன் சேர்ந்துகொண்டது. உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று, நிலாவெளி என்று எங்கே போனாலும் வீட்டுக்காரர்களின் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

மோட்டர் கேற்றை எப்படி இழுக்கிறது? உள்ளே சங்கிலியா, கயிறா?

இரண்டும் இல்லை. கேற்றின் அடிப்பகுதியில், நீளம் முழுவதும் பற்கள் வெட்டிய ஒரு சட்டம் பூட்டப்படும். நாங்கள் அதைப் பல்சட்டம் என்போம். மோட்டர்ப் பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய பற்சில்லு அந்தப் பற்களைக் கவ்விச் சுழலும்போது கேற் நகர்கிறது. கேற்றின் இரு முனைகளிலும் ஒரு காந்தமோ தகடோ இருக்கும். அது பெட்டியைத் தாண்டும்போது மோட்டர் நிற்கும். ரிமோட்டின் குறியீட்டைக் கேட்டு எல்லாவற்றையும் நடத்துவது உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை.

தம்பி, எங்கள் பழைய கேற்றுக்கே பூட்ட முடியாதா? புதிதாகச் செய்யத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் பழையதே போதும். ஆனால் மோட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேற்றைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு விரலால் தள்ளி ஓடத் தொடங்க வேண்டும், இடையில் எங்கும் இறுகக் கூடாது, கையை எடுத்த இடத்திலேயே நிற்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத கேற்றுக்கு நான் மோட்டர் பூட்டுவதில்லை. “மோட்டர் பலமானதுதானே, இழுத்துக்கொள்ளும்” என்று பலர் சொல்கிறார்கள். இழுக்கத்தான் செய்யும், ஒரு வருடத்துக்கு. பிறகு பற்சில்லின் பல் தேயும், பியரிங் போகும், பலகை கருகும். பழியோ மோட்டரின் மேல் விழும்.

கைக்கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மீன் நிறுக்கும் கொக்கித் தராசு நம் ஊரில் கிடைக்காத பொருள் அல்ல. அதைக் கேற்றின் முனையில் மாட்டி மெதுவாக இழுங்கள். கேற் அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவு, கேற்றின் எடையில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 200 கிலோ கேற் என்றால் 10 கிலோ. இது எந்தக் கையேட்டிலும் உள்ள விதியல்ல, நான் வைத்திருக்கும் அளவு. தாண்டினால் சில்லை மாற்றுங்கள், தண்டவாளத்தை நிமிர்த்துங்கள், மேலே கேற்றைப் பிடித்திருக்கும் வழிகாட்டி உருளைகளைத் தளர்த்துங்கள். பழைய கேற்றுகளில் நான் பார்க்கும் குறைகளில் பெரும்பகுதி கறள் பிடித்த சில்லு ஒன்றுதான்.

இன்னொன்றையும் அளந்துகொள்ளுங்கள். 12 அடிக் கேற் முழுதாகத் திறக்க மதிலோரம் 12 அடி வெற்றிடம் வேண்டும். பல்சட்டம் பற்சில்லை விட்டு விலகாமல் இருக்க அதற்கு மேல் ஒன்றரை அடியாவது தேவை. அந்த இடத்தில் பூங்கன்றோ தண்ணீர்த் தாங்கியோ இருந்தால் முதலில் அதைத்தான் நகர்த்த வேண்டும்.

எங்கள் வீடு உவர்மலையில், வாசல் சரிவு. பூட்டலாமா?

வீதி சரிவாக இருப்பதில் தவறில்லை. கேற் ஓடும் தண்டவாளம் மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்டவாளமே சரிந்திருந்தால், மின்சாரம் இல்லாத நேரத்தில் மோட்டரைக் கேற்றிலிருந்து விடுவித்த கணமே கேற் தானாக ஓடி யாரையாவது மோதும். மட்டப்படுத்த வழியே இல்லாத வாசலுக்கு நகரும் கேற் வேண்டாம், இரட்டைக் கதவை யோசியுங்கள்.

பெட்டியில் 500 கிலோ, 800 கிலோ என்று எழுதியிருக்கிறது. எங்கள் கேற் எத்தனை கிலோ என்று எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மில்லிமீற்றர் தடித்த இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றருக்கு 7.85 கிலோ. 12 அடி நீளம், 6 அடி உயரக் கேற் ஏறத்தாழ 6.7 சதுர மீற்றர். 1.6 மில்லிமீற்றர் தகடு அடித்திருந்தால் தகடு மட்டும் 84 கிலோ வரும். இரண்டு அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீற்றர் தடிப்பில், மீற்றருக்கு மூன்று கிலோ அளவில் இருக்கும். சட்டத்துக்கும் குறுக்குகளுக்கும் 18 மீற்றர் போனால் 55 கிலோ. சில்லு, பூட்டு எல்லாம் சேர்த்து 150 கிலோ.

இதற்கு 500 கிலோ மோட்டர் தாராளம். கேற்றின் எடை மோட்டரின் அளவில் பாதிக்குள் இருக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். காரணம் காற்று. முழுத் தகடு அடித்த கேற், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் கப்பல் பாய் போல் காற்றை வாங்கும். காற்று கேற்றை வழிகாட்டி உருளையோடு வைத்து அழுத்தும்போது, காலையில் விரலால் ஓடிய அதே கேற் பின்னேரத்தில் உரசிக்கொண்டு ஓடும். கம்பி இடைவெளி விட்ட கேற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஏசி மோட்டர் நல்லதா, 24 வோல்ட் டிசி நல்லதா?

ஏசி மோட்டர் 230 வோல்ட்டில் நேரே ஓடும். அமைப்பு எளியது, விலை குறைவு, பழுதுபார்ப்பதும் சுலபம். ஆனால் மின்சாரம் போனால் நின்றுவிடும். டிசி வகையில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணைத்து உள்ளே வைக்கலாம். 7 அம்பியர்-மணி அளவுப் பற்றரிகள் நல்ல நிலையில் இருந்தால், மின்வெட்டில் ஒரு வீட்டின் ஒரு நாள் போக்குவரத்துக்குத் தாராளமாகப் போதும். கேற் மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பதும் டிசியில் நன்றாக அமையும்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்கு நான் டிசியைத்தான் சொல்வேன். ஆனால் வெயிலில் காயும் பெட்டிக்குள் பற்றரி இரண்டு மூன்று வருடங்களுக்கு மேல் நம்பிக்கையாக இராது. மாற்றும் திகதியைப் பெட்டியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.

மின்சாரம் போய், பற்றரியும் போனால் உள்ளே அடைபட்டுவிடுவோமா? அம்மா தனியே இருக்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். பெரும்பாலான நகரும் கேற் மோட்டர்களில் திறப்புப் போடும் துவாரம் ஒன்று இருக்கும். திறப்பைப் போட்டு நெம்பைத் திருப்பினால் மோட்டர் பற்சில்லை விட்டுவிடும், பிறகு கேற்றைக் கையால் தள்ளலாம். கேற் கையால் லேசாக ஓட வேண்டும் என்று மேலே அவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். இருபது கிலோ பலத்தில் இழுக்க வேண்டிய கேற்றை எழுபது வயது அம்மா எப்படித் தள்ளுவார்?

திறப்பு ஓர் அலுமாரிக்குள், மோட்டர் எப்படி விடுபடும் என்பது மகனின் தலைக்குள், மகனோ தோஹாவில். இப்படி ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். இரவில் நெஞ்சுவலி வந்து, 1990 என்ற எண்ணுக்கு அழைத்த அம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது திறப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு திறப்பை முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடுங்கள், இன்னொன்றை நம்பிக்கையான அயலவரிடம் கொடுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை தங்கள் கையால் விடுவித்துத் தள்ளிப் பழகட்டும்.

மதிலில் வேறு சிறுவாசல் இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள். மோட்டர்ப் பெட்டி உள்ளே இருப்பதால், வெளியே நிற்பவர் திறப்பு வைத்திருந்தும் பயன் இல்லாமல் போகலாம்.

கனடாவிலிருந்து அண்ணா நல்ல மோட்டர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

அண்ணாவின் அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், மோட்டரை வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. அங்கத்தைய ஏசி மோட்டர் இங்கே மெதுவாக ஓடிச் சூடேறும். லண்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வந்தால் மின்சாரம் பொருந்தும். ஆனால் பலகை பழுதானால் உதிரிப் பாகத்துக்கு மறுபடியும் அவர்களைத்தான் கேட்க வேண்டும். பணமாக அனுப்பச் சொல்லி, உதிரிப் பாகம் கிடைக்கும் மோட்டரை இங்கேயே வாங்குவது நல்லது.

எங்கள் வீடு கடலிலிருந்து இருநூறு யார் தூரம்தான். உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

உப்பு முதலில் பிடிப்பது மோட்டரை அல்ல, சின்னச் சின்ன ஆணிகளை. பல்சட்டத்தின் போல்ட், பெட்டி மூடியின் திருகாணி, நிலத்தில் பதித்த நங்கூரப் போல்ட், பலகையில் வயர் இறுக்கும் முனைகள் என்ற வரிசையில் போகும். கடலோர வீடுகளுக்கு 304 ரகத் துருப்பிடிக்கா உருக்கும் போதாது, சில மாதங்களில் மேலே பழுப்புப் புள்ளி விழும். 316 ரகம் கேட்டு வாங்குங்கள், அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். பல்சட்டம் நைலோன் வகையாக இருக்கட்டும். அது உள்ளே உருக்கு வைத்தது, 150, 200 கிலோ கேற்றுக்குப் போதும், சத்தமும் குறைவு. இரும்புதான் வேண்டுமானால் உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) முழுதாக முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். மெல்லிய பூச்சு ஒரு மாரி தாண்டாது.

மாதம் இரு முறை கேற்றையும் பல்சட்டத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அழுத்தப் பீச்சியால் மோட்டர்ப் பெட்டியின் மேல் அடிக்க வேண்டாம், ஈரத் துணி போதும். வயர் வரும் குழாயின் வாயைப் பெட்டிக்குள் சிலிக்கனால் அடைத்துவிடுங்கள். உப்பு ஈரம் மட்டுமன்றி எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் ஏறும். பலகையின் இரு முனைகளுக்குக் குறுக்கே கிடந்து செத்த பல்லிகளை நான் பல தடவை எடுத்திருக்கிறேன், பலகையும் கூடவே செத்திருந்தது.

பல்சட்டத்துக்குக் கிறீஸ் பூசினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

பூசாதீர்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் பறக்கும் மணலெல்லாம் அதில் ஒட்டி, பற்களை அரம் போல் அராவும். தண்டவாளத்துக்கும் வேண்டாம், தினமும் ஒரு தும்புத்தடி வீச்சு போதும்.

அத்திவாரம் எவ்வளவு? வயரை எப்படிக் கொண்டு வருவது?

கொங்கிறீட் கட்டி ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் இரண்டு அடி ஆழம் போய், அடியை அகலப்படுத்துங்கள். நிலமட்டத்துக்கு மேல் நான்கு அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும், மார்கழி மழையில் வளவில் தண்ணீர் நிற்கும் வீடுகளில் இன்னும் அதிகம். வார்த்து ஒரு கிழமையாவது நனைத்து ஆறவிட்ட பிறகே மோட்டரை ஏற்றுங்கள். மேசன் போன மறுநாளே பூட்டச் சொல்லி அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை.

மின்வயர் குழாய்க்குள், ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில் வர வேண்டும். ஒளி உணரி, மணிச் சுவிட்ச் போன்ற குறைந்த வோல்ட் வயர்களுக்கு வேறு குழாய் போடுங்கள். மின்பெட்டியில் கேற்றுக்கென்று தனிச் சுவிட்சும், 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே அறுந்துவிடும் டிறிப் சுவிட்சின் பாதுகாப்பும், ஒழுங்கான நிலத்தொடுப்பும் கட்டாயம். மழையில் நனைந்த இரும்புக் கேற்றைப் பிள்ளைகள் கையால் பிடிப்பார்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

வெல்டிங்காரர் இருக்கிறார். பல்சட்டத்தை நாங்களே பூட்டிவிடலாமா?

பூட்டலாம், இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பல்சட்டத்துக்கும் பற்சில்லுக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் வெளி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். கேற்றின் பாரம் ஒருபோதும் பற்சில்லில் இறங்கக் கூடாது. காலம் போகச் சில்லு தேய்ந்து கேற் இறங்கும். அப்போது உயர்த்திக்கொள்ள, பல்சட்டத்தின் நீள்துளைகளில் போல்ட்டை நடுவில் இறுக்குங்கள்.

அடுத்தது பொருத்து. பல்சட்டம் ஒரு மீற்றர்த் துண்டுகளாக வரும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பல்லின் இடைவெளி மாறினால், ஒவ்வொரு முறையும் அங்கே ‘டக்’ என்று அடிக்கும். இன்னொரு துண்டைத் தலைகீழாக வைத்து, பல்லோடு பல் பொருத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் அளவு பிசகாது.

பிள்ளை இடையில் ஓடிவந்தால்? நாய், மாடு, மான் எல்லாம் வரும் வீதி இது.

மூன்று காவல்கள் வேண்டும். முதலாவது, ஒளிக்கற்றை உணரி. ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை போகும். அது மறைந்தால் மூடும் கேற் நின்று திரும்பும். வழக்கமாக ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சோடி வைப்பார்கள். தவழும் பிள்ளையோ சிறு நாயோ உள்ள வீட்டுக்கு முக்கால் அடியில் இன்னொரு சோடி வையுங்கள். கோட்டைப் பக்கத்து மான்களின் கால் மெல்லியது, கற்றை காலுக்கும் காலுக்கும் நடுவே போய்விடலாம். ஆகவே ஒரு சோடியை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, விசை அளவு. தடை பட்டால் மோட்டர் எவ்வளவு பலமாகத் தள்ளிய பிறகு பின்வாங்க வேண்டும் என்பதைப் பலகையில் அமைக்கலாம். ஈஎன் 12453 என்ற ஐரோப்பியத் தரநிலை, தூணுக்கும் கேற்றுக்கும் இடைவெளி 5 முதல் 50 சென்ரிமீற்றர் வரை உள்ளபோது அழுத்தும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏறக்குறைய 40 கிலோ பாரம், அதுவே ஒரு பிள்ளைக்கு அதிகம். கேற் லேசாக ஓடினால் இந்த அளவை வெகுவாகக் குறைத்து வைக்கலாம். இறுகிய கேற்றில் குறைத்தால் அது பாதி வழியில் நின்றுவிடும், ஆகவே வேலைக்காரர் கூட்டி வைத்துவிட்டுப் போவார். ஆபத்து தொடங்கும் இடம் இதுதான்.

மூன்றாவது, தடுப்புக் கட்டை. தண்டவாளத்தின் இரு முனையிலும் இரும்புக் கட்டையை ஒட்டி வைக்க வேண்டும். நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில், “காந்தம்தான் நிறுத்துமே” என்று ஒரு வீட்டில் கட்டை வைக்காமல் விட்டேன். காந்தம் கழன்றது. கேற் ஓடி, வழிகாட்டி உருளையைத் தாண்டி, முற்றத்தில் விழுந்தது. அந்த நேரம் முற்றத்தில் யாரும் இல்லை. அன்றிலிருந்து கட்டை இல்லாத தண்டவாளத்தில் நான் மோட்டரை இயக்கியதே இல்லை.

காலையில் மட்டும் கேற் மூட மறுக்கிறது. பின்னேரம் சரியாக வேலை செய்கிறது. ஏன்?

சூரியன். நமக்கு அது கடலிலிருந்து நேரே எழும்பும், கிழக்கு நோக்கிய ஒளி உணரியின் கண் கூசும். ஒளியை அனுப்பும் பாகத்தையும் வாங்கும் பாகத்தையும் தூண் மாற்றிப் பூட்டுங்கள். மேற்கே வீடும் மரமும் மறைப்பதால் பின்னேர வெயில் அவ்வளவு தாக்காது. முடியாவிட்டால் மேலே சிறு தகட்டுக் கூரை வையுங்கள். வெயில் இல்லாத நாளிலும் மறுத்தால், கண்ணில் சிலந்தி வலையோ உப்புப் படலமோ இருக்கும், துடைத்துவிடுங்கள்.

நள்ளிரவில் கேற் தானாகத் திறந்து கிடந்தது. திருடனா?

முதலில் ரிமோட்டைப் பாருங்கள். மலிவான செட்டுகளில் குறியீடு ஒன்றேதான், அதைப் பிரதியெடுக்கலாம். அயலவரின் ரிமோட் தற்செயலாகப் பொருந்தவும் கூடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் வகையையே வாங்குங்கள். ஒரு ரிமோட் தொலைந்தால், பலகையின் நினைவை முழுதாக அழித்து, கையிலுள்ளவற்றை மட்டும் மறுபடி பதியுங்கள்.

மழை இரவில் மட்டும் நடந்தால், தூணிலுள்ள அழுத்து சுவிட்சின் வயர் நனைந்திருக்கும். பல்லி பற்றி மேலே சொன்னதும் பொருந்தும்.

இடி மின்னலில் பலகை போய்விடுமா?

போகும். ஐப்பசியில் எனக்கு வரும் அழைப்புகளில் பல அதுதான். மின்பெட்டியில் மின்னழுத்தப் பாய்ச்சல் தடுப்பான் வையுங்கள். இடி கேட்டதும் கேற்றின் தனிச் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மோட்டர் உறுமுகிறது, கேற் அசையவில்லை.

சுவிட்சை உடனே அணையுங்கள், உறுமும் மோட்டர் வேகமாகச் சூடேறும். மோட்டரை விடுவித்துக் கேற்றைக் கையால் தள்ளுங்கள். கேற் இறுகியிருந்தால் குறை கேற்றில். லேசாக ஓடி, மோட்டர் ஏசி வகையாகவும் இருந்தால், பெரும்பாலும் மோட்டர் சுழலத் தொடங்க உதவும் கபாசிற்றர் என்ற பாகம் பலமிழந்திருக்கும். அது மலிவான பாகம், ஆனால் அணைத்த பிறகும் உள்ளே மின் தேங்கியிருக்கும். தெரிந்தவரை விட்டு மாற்றுங்கள். மோட்டர் சுழலும் சத்தம் நன்றாகக் கேட்டும் கேற் நிற்கிறதென்றால், யாரோ திறப்பால் விடுவித்துவிட்டு மறுபடி பூட்ட மறந்திருக்கிறார்கள்.

மின்சாரக் கட்டணம் ஏறுமா?

400 வாட் மோட்டர், ஒரு தடவைக்கு 20 செக்கன், நாளுக்கு இருபது தடவை ஓடினாலும் மாதம் ஒன்றரை அலகை எட்டாது. சும்மா இருக்கும் பலகை 5 வாட் எடுத்தால் அது மாதம் மூன்றரை அலகு. ஓடுவதைவிட நிற்பதற்கே அதிகம் செலவாகிறது.

தானாக மூடும் வசதியைப் போட்டு வைக்கலாமா?

ஒளி உணரி சரியாக வேலை செய்யும் வீட்டில் போடலாம், முப்பது செக்கனுக்குக் குறையாமல். உணரி பழுதாக இருக்கும் நாட்களில் உடனே நிறுத்துங்கள். கலியாணம், செத்தவீடு என்று ஆட்கள் வந்துபோகும் நாளில் மோட்டரை விடுவித்துக் கேற்றைத் திறந்தே வைத்து, மின்சாரத்தையும் அணைத்துவிடுங்கள்.

வேலை முடிந்தது. மீதிப் பணம் கொடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

மூடும் கேற்றின் வழியில் ஒரு வெறும் அட்டைப் பெட்டியைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள், பெட்டி நசியாமல் கேற் திரும்ப வேண்டும். உணரியை மறைத்தும் ஒரு தடவை பாருங்கள். இரு முனையிலும் கட்டை இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பாருங்கள். கையேடு, எல்லா ரிமோட்டுகள், விடுவிக்கும் திறப்பு இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். பிறகு பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரை அழையுங்கள். அவர் தன் கையால் திறப்பைப் போட்டு, மோட்டரை விடுவித்து, கேற்றைத் தள்ளித் திறந்து காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.